தினமும் அஞ்சு பத்துக்கு ஒழுகும் கூரை

எங்க வீட்டுக்காரர் பஸ்ஸுல டிக்கெட் செக்கர். இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். ஊர்ல யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாங்க, செக்கர்தான். தெருவுல சும்மா நடந்து போனாக்கூட எதிர்ல வர்றவங்க கை தானா சட்டைப் பைக்குப் போகும். வீட்டுலயும் அதே கண்ணுதான். பால் பாக்கெட்டை மேலயும் கீழயும் திருப்பித் தேதி பாத்துட்டுத்தான் கீழ வைப்பாரு. நான் கடைக்குப் போயிட்டு வந்தா, "எங்க ஏறுன, எங்க இறங்குன?"ன்னு கேப்பாரு. கடை எதிர்த்த தெருவுலதான் இருக்கு!

சந்தேகமெல்லாம் கிடையாது, பாவம். பழக்கதோஷம். ஆனா அந்தப் பழக்கதோஷத்தோட குடும்பம் நடத்துறவளுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம்.

கல்யாணமாகி மூணாம் மாசம், ஒரு நாள் நான் பஸ் கூட்டத்துல நசுங்கிக்கிட்டு நிக்கறேன். கண்டக்டர் என்கிட்ட வர்றதுக்குள்ள இவரு முன் வாசல்ல ஏறிட்டாரு. எனக்கு அப்படியொரு சந்தோஷம், புருஷன் வர்றாரேன்னு பல்லெல்லாம் காட்டிச் சிரிச்சேன். கிட்ட வந்தாரு. "டிக்கெட்"னாரு. விளையாடறாருன்னு நினைச்சேன். மனுஷன் அபராதம் எழுதி, ரசீதைக் கிழிச்சு என் கையில கொடுத்துட்டு, "சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன்"னு காதோரமா சொல்லிட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு. போன ஸ்டாப்புலதாங்க ஏறுனேன்னு கண்ணுல தண்ணியோட சொல்றேன், கேக்கலையே. "டிக்கெட் இல்லன்னா பஸ் கிளம்புன இடத்துலேர்ந்துதான் கணக்கு. தப்பு எங்க ஆரம்பிச்சுதோ அங்கேர்ந்து கட்டணும்"னாரு. அந்த ரசீது இன்னும் என் பீரோவுல இருக்கு. ஒரு நாள் உதவும்னு பத்திரமா வச்சிருந்தேன்.

எனக்கு ஒரே தம்பி. தகர ஷீட் கூரை போடறவன். அவனுக்கும் பேரு போயி 'ஷீட்டு'ன்னு ஆயிடுச்சு. வேலை செய்யும்போது நாலு ஸ்க்ரூவை உதட்டுல கவ்விக்கிட்டே செய்வான், அதனாலயோ என்னவோ சாதாரண நேரத்துலகூட நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டான். கல்யாணம் ஆகல. பெரிய ஹார்டுவேர் கடைக்கு மாடியில ஒரு வாடகை ரூம், காலையில எந்திரிச்சா கடை வாசல்ல மத்த ஃபிட்டருங்களோட நின்னு வேலை பிடிப்பான்.

எங்க வீட்டுக்குப் பின்னால ஒரு ரூம் எடுக்கணும்னு நான் தலைகீழா நின்னதே அவனுக்காகத்தான். எப்ப வந்தாலும் படுக்க ஒரு கட்டில், தலைமாட்டுல ஒரு ஜன்னல். சுவரு கொத்தனார் வச்சாரு, கூரை அவனே போட்டான். பத்து நாள் வேலை. அவனும் இவரும் அந்தப் பத்து நாளும் அப்படியொரு ஒட்டு. இவரு ஷிப்ட் முடிச்சு வந்து கீழேர்ந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பாரு, அவன் மேலேர்ந்து, "மாமா, இன்னொண்ணு"ம்பான். சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கிண்டல் பண்ணுவாங்க. கோபம் வர்ற மாதிரி நடிச்சுக்கிட்டு நான் உள்ள போய்ச் சிரிச்சுக்குவேன்.

கடைசி நாள் இறங்கும்போது சொன்னான்: "மாமா, உச்சியில மூடிக்கு அடியில கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கேன். காத்து போகணும். அடைச்சிடாதீங்க."

இவரு தலையை ஆட்டுனாரு. அந்த ஆட்டு எனக்குத் தெரியும். கண்டக்டர் சில்லறைக்குக் காரணம் சொல்லும்போது ஆட்டுற ஆட்டு.

அந்த ரூமுல கட்டிலோட ஒரு அடுப்பும் வந்து சேர்ந்துச்சு. ஏன்னா இவருக்குக் கால். நாள் பூரா ஓடுற பஸ்ஸுல நிக்கற காலு, வீங்கிப்போய் தூண் மாதிரி ஆயிடும். காலையில டியூட்டிக்கு முன்னாடி வெந்நீர்ல ஊற வைக்கச் சொல்லிட்டாரு டாக்டர். சமையல்கட்டுல ரெண்டு பேரு திரும்புனாலே முட்டிக்கும், அதனால விடியக்காலை நாலரை மணிக்குப் பின் ரூம்ல அண்டாவை ஏத்துவாரு. அது கொதிக்கக் கொதிக்க எடுத்து ஊத்தி, காலை விட்டுக்கிட்டு அரை மணி நேரம் கண்ணை மூடி உக்காந்திருப்பாரு. உலகத்துல வேற எதுக்கும் அந்த முகத்துல அவ்வளவு அமைதி வராது.

ரூம் கட்டி ஒரு மாசம்கூட ஆகல. குளிர் காலம் ஆரம்பிச்சுது. ஒரு நாள் விடியக்காலை, "ஏம்மா! இங்க வா!"ன்னு ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா, காலை வெந்நீர்ல வச்சுக்கிட்டு வழுக்கைத் தலையைத் தடவிக் காட்டறாரு. ஈரம். அண்ணாந்து பாத்தா ஷீட்டுல சொட்டு சொட்டாத் தண்ணி. கட்டில்மேலயும் நாலு சொட்டு.

"ஒழுகுது"ன்னாரு. ஆள் சிக்கிட்டான்னு சொல்ற குரல்ல சொன்னாரு.

அன்னிக்கு நான் வேலைக்குப் போயிட்டேன். நான் பெரிய ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுல துணி மடிக்கிறவ. நான் கூட இருந்திருந்தா வாயைப் பொத்தி இழுத்துட்டு வந்திருப்பேன். இவரு நேரா ஹார்டுவேர் கடைக்குப் போயிருக்காரு. கடைக்காரர், நாலஞ்சு ஃபிட்டருங்க, தம்பியை ஒரு பெரிய குடோன் வேலைக்குப் பேசிக்கிட்டிருந்த ஒரு பார்ட்டி, எல்லாரும் நிக்கறாங்க. எல்லார் முன்னாடியும், "ஒரு மாசம் தாங்கலையே மாப்ளே உன் கூரை!"ன்னுட்டாரு.

தம்பி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "மாமா, மழை பெஞ்சப்ப ஒழுகுச்சா, பெய்யாதப்ப ஒழுகுச்சா?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. இவருக்கு எங்கேர்ந்துதான் வந்துச்சோ அந்தக் கோபம். "மழை பெய்யாம எந்த ஊர்லடா கூரை ஒழுகும்? டிக்கெட் இல்லாம ஏறுறவனும் இப்படித்தான், நம்மளையே திருப்பிக் கேள்வி கேப்பான்!"

யாரும் சிரிக்கல அப்புறம். குடோன் பார்ட்டி பக்கத்துல நின்ன வேற ஃபிட்டரைக் கூட்டிட்டுப் போயிட்டாராம். அதோட தம்பி எங்க வீட்டு வாசப்படி ஏறுறதை நிறுத்திட்டான்.

ஒரு வருஷத்துக்கு மேல! சொந்தத் தம்பியை நான் பஸ் ஸ்டாப்புல வச்சுப் பாத்தேன். சனிக்கிழமை சனிக்கிழமை, வேலை முடிஞ்சு, ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கற ஸ்டாப் பெஞ்சுல. ஓடிப்போகத் திட்டம் போடற ஜோடி மாதிரி உக்காந்து பேசிட்டு வருவேன். அவன் ஒரே கண்டிஷன் போட்டான்: "கூரைப் பேச்சு வேணாம்க்கா. நான் ஒரு கேள்வி கேட்டேன். மாமா பதில் சொல்லட்டும்." சில நாள் இவரு டியூட்டியில இருக்கற பஸ்ஸே அந்த ஸ்டாப்புல வந்து நிக்கும். படிக்கட்டுல நின்னு எங்களைப் பாப்பாரு. பாத்துட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. விசில் ஊதி பஸ் போயிடும்.

இந்தப் பக்கம் வீட்டுல என்ன நடந்துச்சு? செக்கர் கூரை வைத்தியர் ஆயிட்டாரு.

முதல்ல ஓட்டை அடைக்கற பசை ஒரு ட்யூப் வாங்கிட்டு வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, உள்பக்கமா சொட்டு தெரிஞ்ச இடத்துல எல்லாம் அப்புனாரு. மறுநாள் சொட்டு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. அங்கயும் அப்புனாரு. அது இன்னொரு சாண் தள்ளிப் போச்சு. "தப்பிக்கப் பாக்குது"ன்னாரு. ஒரு வாரத்துல கூரையோட உள்பக்கம் பூரா அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு. வெயில் காலம் வந்ததும் சொட்டு தானா நின்னுச்சு. "பாத்தியா என் கை ராசி!"ன்னு நாலு மாசம் தெருவுல நெஞ்சை நிமித்திக்கிட்டு நடந்தாரு. பக்கத்து வீட்டு டீச்சர் அவங்க வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு இவர்கிட்ட யோசனை கேட்டாங்க. யோசனை சொன்னாரு. அப்புறம் அந்த டீச்சர் என்கிட்ட ரெண்டு வாரம் பேசல.

அடுத்த குளிர் வந்துச்சு, சொட்டும் வந்துச்சு. இந்தத் தடவை ஏணி வச்சு மேலயே ஏறிட்டாரு. தகர ஷீட்டுல நடக்கறதுக்கு ஒரு முறை இருக்காம். ஸ்க்ரூ வரிசையா போற இடத்துல கீழ இரும்புக் குழாய் தாங்கும், அதுமேல கால் வைக்கணும். இவரு பஸ்ஸுக்குள்ள நடக்கற மாதிரி கம்பீரமா நடு ஷீட்டுல நடந்தாரு. நடந்த இடமெல்லாம் பள்ளம். போதாக்குறைக்கு, ஷீட் லூசா இருக்குன்னு புதுசா ஸ்க்ரூ போட்டாரு. ஷீட் மேடும் பள்ளமுமா இருக்குமில்ல, தம்பி எல்லா ஸ்க்ரூவையும் மேட்டுலதான் போட்டிருந்தான். இவரு, "மேட்டுல போட்டா எப்படிப் பிடிக்கும்?"னு தண்ணி ஓடற பள்ளத்துலயே போட்டு, ஸ்க்ரூவுக்கு அடியில இருக்கற ரப்பர் வாஷர் பிதுங்கிக் கிழியற வரைக்கும் முறுக்குனாரு. கீழ நின்னு பாத்த எனக்கு ஒண்ணும் தெரியாது. முழிச்சுக்கிட்டு நின்னேன்.

எல்லாத்துக்கும் மேல ஒரு நோட்டு போட்டாரு. செக்கிங் ரிப்போர்ட் எழுதற அதே கோடு போட்ட நோட்டு. தேதி, நேரம், இடம், சொட்டு எத்தனை. ஒவ்வொரு சொட்டையும் டிக்கெட் இல்லாத ஆள் மாதிரி பிடிச்சு உள்ள எழுதுனாரு. கட்டில்மேல ஒரு பேசின். தம்பி படுக்க வேண்டிய கட்டில்ல பேசின் படுத்திருந்துச்சு. அதைப் பாக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேசினைத் தூக்கி இவரு தலையில கவுக்கணும்போல இருக்கும்.

இப்படியே போயிருக்கும். ஒரு சனிக்கிழமை தம்பி பெஞ்சுல உக்காந்து, தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான்: "அக்கா, தூரத்துல ஒரு கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. ஃபேக்டரிக் கூரை போடற வேலை. இன்னும் ரெண்டு வாரம் கழிச்சு, ஞாயித்துக்கிழமை கிளம்பறேன். வர்றதுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகும்."

"வீட்டுக்கு வந்து ஒரு வேளை சாப்பிட்டுட்டுப் போடா"ன்னேன்.

"மாமா கூப்பிட்டா வர்றேன்"னான்.

அவன் அங்கேர்ந்து அப்படியே போயிட்டா? என் வீட்டுக் கதவைத் தாண்டாமலே போயிட்டா? வீட்டுக்கு வந்து இவர்கிட்ட சொன்னேன். ரேஷன் கடை சாத்திட்டாங்கன்னு சொன்னா எப்படிக் கேப்பாரோ அப்படிக் கேட்டுட்டு, "ஓ"ன்னாரு. அவ்வளவுதான், "ஓ". ஆனா அன்னிக்குச் சாப்பாட்டுல உப்பே போடலை நான், அதைச் சொல்லாமச் சாப்பிட்டாரு. அதுலேர்ந்து மனசுக்குள்ள என்னவோ ஓடுதுன்னு புரிஞ்சுது. ஆனா கல்லுல நார் உரிச்சாலும் உரிக்கலாம், அவரு வாயிலேர்ந்து 'தப்பு'ங்கற வார்த்தையை வாங்க முடியாது.

ஞாயித்துக்கிழமை அவரு டியூட்டிக்குப் போனப்புறம், எல்லாத்துக்கும் இந்த நோட்டுதான் காரணம்னு அதைக் கிழிச்சு அடுப்புல போட எடுத்தேன். கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கத்தைப் படிச்சேன். 'விடியற்காலை 5.10, கட்டிலின் மேல், ஆறு சொட்டு.' அடுத்த வரி, '5.12.' அடுத்தது '5.08.' திரும்ப '5.10.' பக்கம் பக்கமா புரட்டுறேன், ரெண்டு குளிர் காலமும் அதேதான்.

எந்த மழைங்க தினமும் அஞ்சு பத்துக்குக் கரெக்டா வரும்? இவரு பஸ்ஸே அஞ்சு பத்துக்கு வர்றதில்லையே!

நோட்டைத் திரும்ப இருந்த இடத்துலயே வச்சேன். பாதி புரிஞ்சுது, பாதி புரியல. மீதிப் பாதி திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில வந்து என் பிடரியில விழுந்துச்சு. எங்க சலவை ரூம்ல பெரிய தொட்டியில போர்வைங்க வேகும், ஆவி பொகை மாதிரி மேல போகும், மேல தகரக் கூரை. குளிர் நாள்ல அது வேர்த்து எங்க தலையிலயும் கழுத்துலயும் சொட்டும். பதினாலு வருஷமா சொட்டுது. பதினாலு வருஷமா நானே, "சனியன், வேர்க்குது பாரு"ன்னு துடைச்சுக்கிட்டு வேலை பாக்கறேன். ஒரு நாளாவது அதை ஒழுகுதுன்னு சொல்லியிருப்பேனா? அன்னிக்கும் கழுத்துல ஒரு சொட்டு சில்லுன்னு விழுந்துச்சு. கையில மடிச்ச போர்வையைக் கீழ போட்டுட்டேன். "அட மண்டூகமே!"ன்னு கத்திட்டேன். மேஸ்திரி அவரைத்தான் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டாரு. சொன்னது என்னை.

நாலரைக்கு அண்டா. அஞ்சுக்கு ரூம் பூரா ஆவி. அஞ்சு பத்துக்கு ஜில்லுனு இருக்கற ஷீட்டு வேர்த்து சொட்டு. அதுக்குத்தான் தம்பி கேட்டான், மழை பெஞ்சப்பவா, பெய்யாதப்பவான்னு. கிண்டல் இல்ல, வைத்தியர் நாடி பாக்கற மாதிரி கேட்டிருக்கான்.

இவர்கிட்ட சொன்னா நம்புவாரா? ஆதாரம் இல்லாம அவரு அப்பா சொன்னாலே நம்ப மாட்டாரு. செவ்வாய்க்கிழமை விடியக்காலை அண்டாவையும் அடுப்பையும் தூக்கிக் கொல்லையில வச்சுட்டேன். "பின் ரூம்ல கேஸ் நாத்தம் வருது"ன்னு ஒரு பொய். குளிர்ல போர்வையைப் போத்திக்கிட்டு, கால் வெந்நீர்ல, மூக்கு பனியில, மூணு நாள் என்னைத் திட்டிக்கிட்டே உக்காந்திருந்தாரு. மூணு நாளும் அஞ்சு பத்துக்கு நான் உள்ள போய் அண்ணாந்து பாத்தேன். ஷீட்டு காஞ்சு கிடந்துச்சு. அவரு நோட்டுலயே என் கையெழுத்துல எழுதுனேன்: '5.10, இல்லை. 5.10, இல்லை. 5.10, இல்லை.'

வியாழக்கிழமை சாயங்காலம் காட்டணும்னு இருந்தேன். டபுள் டியூட்டின்னு வரல. வெள்ளிக்கிழமை நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வானம் திறந்துக்கிச்சு. காலம் தப்பி வந்த மழை, கொட்டு கொட்டுன்னு கொட்டுது. பின் ரூம்ல ஏழு இடத்துல ஒழுக்கு! சொட்டு இல்ல, நூல் பிடிச்ச மாதிரி ஓடுது. இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பாக்கணுமே. குழந்தை பொறந்த மாதிரி.

"பாத்தியா! பாத்தியா! உன் தம்பி கூரை! இதுக்கு என்ன சொல்ற?"

ஒரு நிமிஷம் எனக்கே சப்புன்னு ஆயிடுச்சு. வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையா இருக்கேன்னு பக்கெட்டை எடுத்து ஒரு ஒழுக்குக்கு அடியில வச்சேன். வைக்கும்போது மேல பாத்தேன். ஷீட்டுலேர்ந்து ஒரு ஸ்க்ரூ முனை கீழ நீட்டிக்கிட்டு நிக்குது, அந்த முனையிலேர்ந்துதான் தண்ணி. அடுத்த இடம், அங்கயும் ஒரு முனை. தம்பி போட்ட ஸ்க்ரூ எல்லாம் இரும்புக் குழாய்க்குள்ள போய் உக்காந்திருக்கு, ஒண்ணோட முனைகூட வெளிய தெரியல. இது எதையும் பிடிக்காம அந்தரத்துல பல்லைக் காட்டுது.

"என்னங்க, இங்க வாங்க"ன்னேன். "இந்த ஸ்க்ரூ யாரு போட்டது?"

ஸ்டூல்மேல ஏறிக் கிட்டப் போய்ப் பாத்தாரு.

"இது?"

வழுக்கையைத் தடவுனாரு.

"இது? இது? இது?"

ஆறு ஒழுக்குக்கு ஆறு பல்லு. ஏழாவது கட்டிலுக்கு நேர் மேல, அங்க ஸ்க்ரூ எதுவும் இல்ல. "ஆங், இது அவன்து!"ன்னு குதிச்சாரு.

"அவசரப்படாதீங்க. இது இறங்குற இடம். ஏறுன இடம் எங்க?"ன்னேன்.

அந்தக் கேள்விக்கு அவரால சும்மா இருக்க முடியாது. டார்ச்சை எடுத்து அந்தத் தண்ணியைப் பின்னாலயே தொடர்ந்து போனாரு. ஷீட்டோட அடியில வழிஞ்சு, ஒரு குழாயைப் பிடிச்சுக்கிட்டு ஆறடி பயணம் பண்ணி வருது. ஆரம்பிக்கற இடம் உச்சிக்குப் பக்கத்துல, ரெண்டு ஷீட்டு சேர்ற இடம். அவரு கம்பீரமா மிதிச்ச மிதியில அது வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. டார்ச்சை அணைச்சுட்டாரு.

அப்புறம் நோட்டை எடுத்துக் கையில கொடுத்தேன். அஞ்சு பத்து அஞ்சு பத்துன்னு அவரு எழுத்து, கடைசியில மூணு 'இல்லை', என் எழுத்து. "அந்த மூணு நாளும் அண்டா எங்க இருந்துச்சு?"ன்னு கேட்டேன். செக்கர் இல்லையா, கூட்டிக் கழிச்சுப் பாக்க அரை நிமிஷம்கூட ஆகல. முகம் போன போக்கைப் பாத்து எனக்கே பாவமா இருந்துச்சு. ஆனா ஒரு வருஷத்துக்கு மேல பெஞ்சுல உக்காந்த கோபம் எனக்கு. விடல. பீரோவைத் திறந்து, மஞ்சளாப் போயிருந்த அந்த ரசீதைக் கொண்டுவந்து நோட்டுமேல வச்சேன்.

"தப்பு எங்க ஆரம்பிச்சுதோ அங்கேர்ந்து கட்டணும். நீங்க சொன்னதுதான்."

மறுநாள் சனிக்கிழமை. லீவு போட்டாரு. இருபத்திரெண்டு வருஷத்துல காய்ச்சலுக்குக்கூட லீவு போடாத ஆளு. யூனிஃபார்ம் மாட்டிக்கிட்டு, என்னையும் கூட்டிக்கிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனாரு. ஏன் யூனிஃபார்ம்னு கேட்டேன். "அன்னிக்கு அதுலதான் போனேன்"னாரு.

கடைக்காரர் இருந்தாரு, ஃபிட்டருங்க இருந்தாங்க. தம்பி ஓரமா நின்னு டீ குடிச்சுக்கிட்டிருந்தான். இவரு அவன் முன்னாடி போய் நின்னாரு. தொண்டையைச் செருமுனாரு. எங்க மொத்த வாழ்க்கையும் அந்தச் செருமல்ல தொங்குது எனக்கு.

"மாப்ளே, கூரை ஒழுகுது"ன்னாரு.

தம்பி டீ கிளாஸைக் கீழ வச்சான். அன்னிக்குக் கேட்ட அதே கேள்வி, அதே குரல்: "மழை பெஞ்சப்ப ஒழுகுதா மாமா, பெய்யாதப்ப ஒழுகுதா?"

"ரெண்டுலயும்"னாரு இவரு. கடை வாசல் பூராக் கேக்கற மாதிரி சொன்னாரு. "பெய்யாதப்ப ஒழுகுறது என் வெந்நீர். பெய்யறப்ப ஒழுகுறது நான் போட்ட ஸ்க்ரூ. உன் வேலையில ஒரு குத்தமும் இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க, இவன் போட்ட கூரை ஒழுகல."

கடைக்காரர் வாயில இருந்த பேனா கீழ விழுந்துச்சு. தம்பி டூல்ஸ் பையை எடுத்துத் தோள்ல மாட்டுனான்.

ஏணி ஏறுனவன் முதல்ல உச்சி மூடியைக் கழட்டுனான். காத்து போக அவன் விட்டிருந்த அந்த இடைவெளியில கையை விட்டு எதையோ பிடிச்சு இழுத்தான். வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. ஒரு காக்கி பேன்ட் காலு. அப்புறம் இன்னொரு காலு. அப்புறம் ஒரு சட்டைக் கை. அடக் கடவுளே, ஒரு செக்கர் முழுசா உள்ள படுத்திருக்காரு!

"என்னங்க இது?"ன்னு கீழேர்ந்து கத்துனேன்.

"காத்தடிச்சா அந்தச் சந்துல விசில் சத்தம் வந்துச்சு"ன்னாரு இவரு, மேல குத்தவச்சுக்கிட்டு. "நாள் பூராக் கண்டக்டர் விசில் கேக்கறேன். வீட்டுலயுமா? அதான் பழைய யூனிஃபார்மை வச்சு அடைச்சேன்."

"எப்ப மாமா?"

"நீ போட்டுட்டுப் போன மூணாம் நாள்."

ஆவி வெளிய போக இருந்த ஒரே வழியையும் அடைச்சிருக்காரு மனுஷன்! வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில கட்டிக்கிட்ட கதை. நான் தலையில அடிச்சுக்கிட்டு ரூமுக்குள்ள போயிட்டேன், பக்கெட்டையெல்லாம் எடுத்து வைக்கணுமே. மேல வேலை நடந்துச்சு. தம்பி, பள்ளத்துல இருந்த ஸ்க்ரூவை ஒவ்வொண்ணாக் கழட்டுறான், ஓட்டை மேல துண்டு ஷீட் வச்சுப் பசை போட்டு அடைக்கறான். இவரு ஸ்க்ரூ எடுத்துக் கொடுக்கறாரு. உச்சி திறந்திருந்ததால அவங்க பேசறது அப்படியே ரூமுக்குள்ள இறங்குது. அது அவங்களுக்குத் தெரியல.

"மாப்ளே, அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் மாமா. நீங்க பதில் சொல்லியிருந்தா வந்து பாத்திருப்பேன்."

ரெண்டு ஸ்க்ரூ கழட்டுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் இவரு குரல். அந்தக் குரலை நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

"ஓட்டையெல்லாம் அடைச்சிடலாம்டா. அவ வாராவாரம் அந்த பெஞ்சுல உக்காந்திருந்தா. நான் படிக்கட்டுல நின்னு பாத்தேன். இறங்கி வந்து உங்க கூட உக்காரணும்போல இருக்கும் எனக்கு. ஒவ்வொரு தடவையும் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன். அதுக்கு என்ன அபராதம்னு எனக்குத் தெரியல மாப்ளே."

தம்பி உதட்டுலேர்ந்து ஸ்க்ரூவை எடுத்திருக்கணும், வார்த்தை தெளிவா வந்துச்சு. "அதை நான் எழுத முடியாது மாமா. அக்காதான் எழுதணும்."

"அவகிட்ட இதைச் சொல்லிடாத."

நான் கையில பக்கெட்டோட நிக்கறேன். கண்ணுலேர்ந்து பொலபொலன்னு ஊத்துது. மூக்கை உறிஞ்சிட்டு, அண்ணாந்து, இருக்கற சத்தத்தையெல்லாம் சேர்த்துக் கத்துனேன்: "கேட்டுடுச்சு! ரெண்டு பேரும் கீழ இறங்குங்க, சாப்பாடு ஆறுது! என்னங்க, நடு ஷீட்டுல மிதிக்காதீங்க!"

அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து எட்டு நாள் தம்பி அந்தக் கட்டில்லதான் படுத்தான். அண்டாவுக்குக் கொல்லையில ஒரு சின்ன மறைப்புக் கட்டிக் கொடுத்தான். காத்தடிச்சா உச்சியில விசில் கேக்கும், இவரு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பாரு. எந்திரிக்க மாட்டாரு.

ஞாயித்துக்கிழமை என் தம்பி பஸ் ஸ்டாப்புலேர்ந்து கிளம்பல. என் வீட்டு வாசல்லேர்ந்து கிளம்புனான். நாங்களும் பஸ்ஸுல ஏறி வெளியூர் பஸ் நிலையம் வரைக்கும் போனோம். அவனுக்கு இவரே டிக்கெட் வாங்கிக் கையில கொடுத்தாரு. அவன் அதைச் சட்டைப் பையில வச்சுட்டு ஜன்னல் பக்கம் திரும்புனான், கண்ணைத் துடைச்சுக்கத்தான்னு நினைக்கறேன். ரெண்டு ஸ்டாப் போனதும் இவரு குனிஞ்சு அவன் தோளைத் தட்டுனாரு.

"டிக்கெட்?"னாரு.

தம்பி சிரிச்சுக்கிட்டே எடுத்து நீட்டுனான். மனுஷன் வாங்கி, மேலயும் கீழயும் திருப்பி, தேதியைப் பாத்துட்டுத்தான் திருப்பிக் கொடுத்தாரு.